கோடாலிக் காயத்துக்கு யார் பொறுப்பு?

எமது கமக்காரன் காட்டுமரம் தறித்துப் பழகியவன் அல்லன். வலிகாமத்துச் செம்மண்ணில் வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் நட்டவன் அவன். வேலிக்குக் கதியால் வெட்டவும் பூவரசில் குழை ஒடிக்கவும் கத்தி எடுத்தானே தவிர, ஐம்பது அடி மரத்தின் அடியில் நின்று அது எந்தப் பக்கம் சாயும் என்று கணக்குப் பார்த்தவன் அல்லன். 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்தும், 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமம் முழுவதிலிருந்தும் எழும்பி, 1996இல் கிளாலி நீரேரியைத் தாண்டி வன்னிக்கு வந்தபோது அவனிடம் நிவாரண அட்டையும் ஒரு துவிச்சக்கர வண்டியும் இருந்தன. காணி இல்லை, கிணறு இல்லை, மாடு இல்லை. ஆனால் காடு இருந்தது. பொருளாதாரத் தடையினால் மண்ணெண்ணெய் அருமையாகிப் போன அந்த நாட்களில் விறகுக்கு விலை இருந்தது. அவன் ஒரு கோடாலியை வாங்கினான், அல்லது இரவல் கேட்டான்.

வன்னியின் பழங்குடிகளுக்குக் காடு தெரியும். பாலை எப்படிப்பட்டது, வீரை எப்படிப்பட்டது, முதிரை வெட்டும்போது கோடாலி எப்படித் தெறிக்கும் என்பதைத் தகப்பனிடம் பார்த்துப் பழகியவர்கள் அவர்கள். இடம்பெயர்ந்து வந்தவனோ அதைத் தன் உடம்பிலேயே படிக்க வேண்டியிருந்தது. கணுக்காலில் ஆறு அங்குலத் தழும்பு, மடக்க முடியாத பெருவிரல், ஒரு பக்கம் சாய்ந்த நடை என்று அந்தப் படிப்பின் அடையாளங்களோடு எமது கிராமங்களில் இன்று ஐம்பது, அறுபது வயதில் பலர் இருக்கின்றனர். போரில் காயப்பட்டவர்களை எண்ணி முடிப்பதற்கே எமக்குக் காலம் போதவில்லை. ஆகவே விறகில் காயப்பட்டவர்களை எவரும் எண்ணவில்லை.

அந்தக் காலம் முடிந்துவிட்டது என்று எவரும் சொல்ல வேண்டாம். செட்டிகுளம் மெனிக் பாம் முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது. திரும்பிப் போனவர்கள் தமது வயல்கள் பற்றைக்காடாய்க் கிடக்கக் கண்டனர். சிலரது காணிகளில் வனத்துறையின் எல்லைக்கல் நின்றது. வலிகாமம் வடக்கிலிருந்து 1990இல் வந்தவர்களுள் சிலருக்குக் காணி இன்னும் திரும்பவில்லை. இதற்கிடையில் இந்திய அரசின் உதவியோடு வடக்குக் கிழக்கில் மட்டும் 46,000 வீடுகளுக்கான திட்டம் வந்தது. வீடு என்றால் நிலை வேண்டும், கதவு வேண்டும், கூரைக்கு மரம் வேண்டும். மரக்காலைகள் பெருகின. கைவாளின் இடத்தில் இயந்திர வாள் வந்தது. பயிர் பிழைத்த ஆண்டிலும், மழை பொய்த்த ஆண்டிலும், உரமும் டீசலும் கிடையாமல் போன 2021, 2022ஆம் ஆண்டுகளிலும் கமக்காரன் மறுபடியும் மரத்தடிக்கே போனான்.

காடழிப்பைப் பற்றி நான் இங்கு எழுத வரவில்லை. அது பெரிய விடயம். அதைப் பற்றி எழுதுவோர் பலர் உளர். மரத்துக்காக அழுபவர்கள் மரத்தடியில் கிடப்பவனைக் காண்பதில்லை என்பதே எனது குறை. வனக் கட்டளைச் சட்டம் 1907இலேயே வந்துவிட்டது. விழும் மரத்துக்குச் சட்டம் உண்டு, ஏற்றும் லொறிக்கு அனுமதிப்பத்திரம் உண்டு, 2019இல் இயந்திர வாளையும் பதிவு செய்யச் சொன்னார்கள். அந்த வாளைப் பிடிக்கும் மனிதனின் பெயர் மட்டும் எந்தக் கொப்பியிலும் இல்லை.

இது எத்தகைய தொழில்?

உலகில் ஆபத்து மிகுந்த தொழில்களின் வரிசையில் மரம் தறித்தல் முன்னணியில் நிற்கின்றது. இயந்திரமும் தலைக்கவசமும் பயிற்சியும் உள்ள அமெரிக்காவிலேயே 2022ஆம் ஆண்டில் மரம் தறிப்போருள் இலட்சத்துக்கு ஏறக்குறைய 100 பேர் என்ற வீதத்தில் வேலையில் இறந்தனர். அந்நாட்டின் எல்லாத் தொழிலாளரையும் சேர்த்துப் பார்த்தால் அது இலட்சத்துக்கு 4 பேருக்கும் குறைவு. இது இறந்தவர்களின் கணக்கு மட்டுமே; ஊனமுற்றோர் வேறு. சர்வதேச தொழில் தாபனம் 1998இல் வனத்தொழிலின் பாதுகாப்புக்கென்றே தனியாக ஒரு நடைமுறைக் கோவையை வெளியிட்டதும் காரணமில்லாமல் அன்று.

ஆபத்து எங்கே இருக்கின்றது என்பதைத் தொழில் செய்பவன் அறிவான். புதிதாகப் போகிறவன் அறியான். விழும் மரம் நேரே தரைக்கு வந்தால் அதிகம் பயமில்லை. பக்கத்து மரத்தின் கொப்பில் சிக்கித் தொங்கும் மரமே ஆளைக் கொல்கின்றது. அதை விட்டுவிட்டுப் போக மனம் வராது. கீழே நின்று இழுப்பார்கள், தாங்கும் மரத்தைத் தறிப்பார்கள். சாய்ந்து நிற்கும் மரத்தை முன்பக்கம் ஆப்புவெட்டு வெட்டாமல் பின்பக்கத்திலிருந்து அரிந்தால் அது நெடுக்காகப் பிளந்து, அடிமரம் பின்னோக்கி உதைக்கும். நெஞ்சிலோ தாடையிலோ அடி விழும். இயந்திர வாளின் நுனி எதிலாவது முட்டினால் வாள் முழுவதும் கண் மூடித் திறக்கும் முன் முகத்தை நோக்கித் திரும்பும். சங்கிலித் தடுப்பு உள்ள வாள் நின்றுவிடும். பழைய வாள்களில் அந்தத் தடுப்பைக் கழற்றி எறிந்திருப்பார்கள், இடைஞ்சல் என்று.

எமது பகுதிக்கே உரிய ஆபத்து வேறொன்று உண்டு. போர் நடந்த ஊர்களின் பனையிலும் தென்னையிலும் வேம்பிலும் செல்லுத் துண்டுகள் புதைந்து கிடக்கின்றன. வெளியில் தோல் மூடிவிட்டது. வாள் அதில் பட்டால் சங்கிலி அறுந்து கையில் அடிக்கும். பழைய காவலரண் வரிசைகளை அண்டிய காடுகளில் மிதிவெடியின் பயமும் உண்டு. மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இலங்கை 2017 திசம்பரில் சேர்ந்தது. துப்புரவு வேலையும் பெருமளவு நடந்துள்ளது. ஆயினும் நல்ல மரம் எங்கே நிற்கும்? இவ்வளவு காலமும் எவரும் கால் வைக்காத இடத்தில் தானே! விறகுக்குப் போனவர்கள் கால் இழந்த கதை இந்தக் காரணத்தாலேயே ஏற்பட்டது.

இவை யாவற்றுக்கும் மேலாக ஒரு காரணம் உண்டு. அது கூலி கொடுக்கும் முறை. நாட்கூலி அன்று, லோட்டுக் கணக்கு. உழவு இயந்திரப் பெட்டி நிறைந்தால்தான் காசு. பொழுது சாயும் வேளையில் பெட்டி அரைவாசியாக இருந்தால், களைத்த கை இன்னும் ஒரு மரத்துக்குப் போகும். பின்னேர விபத்துகளுக்குக் கவனக்குறைவு என்று பெயர் வைத்துவிடுகிறோம். கவனம் என்பதும் சோறு தின்று, நித்திரை கொண்டு, தண்ணீர் குடித்து வருகின்ற ஒன்று. காலையில் வெறுந்தேநீரோடு புறப்பட்டவனிடம் மாலை ஐந்து மணிக்கு எவ்வளவு கவனம் மிஞ்சியிருக்கும்?

வைத்தியசாலையில் சொல்லும் பொய்

காயப்பட்டவர்களோடு பேசும்போது ஒரே கதை திரும்பத் திரும்ப வருகின்றது. "ஐயா, மரம் வெட்டேக்கை பட்டது எண்டு சொன்னால் பொலிசுக்கு அறிவிப்பினம். நான் வளவுக்குள்ளை விறகு கொத்தேக்கை பட்டது எண்டு சொல்லிப் போட்டன்." வேறொருவர் மரத்தின் கீழ் நசிபட்ட தொடையைச் சைக்கிளால் விழுந்த காயம் என்றாராம். சொல்லச் சொன்னவர் அவரைக் கொண்டுவந்து இறக்கிவிட்ட கொந்தராத்துக்காரர். வாசலில் இறக்கி, கையில் ஆயிரம் ரூபாவும் வைத்துவிட்டு அவர் போனவர் போனவர்தான்.

இந்தப் பொய்யினால் இரண்டு கேடுகள் விளைகின்றன. முதலாவது, உயிருக்கு. சைக்கிளால் விழுந்தவனைப் பார்க்கும் கண் வேறு, அரைத் தொன் குற்றி வயிற்றின் மேல் உருண்டவனைப் பார்க்கும் கண் வேறு. வயிற்றில் நசிபட்டவன் வெளியில் ஒரு கீறலும் இல்லாமல் எழும்பி நடப்பான்; உள்ளே ஈரலோ மண்ணீரலோ கிழிந்து இரத்தம் கசிந்துகொண்டிருக்கும். என்ன நடந்தது என்று தெரிந்தால் வைத்தியர் அவனை மறித்து வைத்திருப்பார். தெரியாவிட்டால் மருந்து கொடுத்து வீட்டுக்கு அனுப்புவார். அவன் இரவில் சாவான். அரச வைத்தியசாலை இலவசமாக மருந்து கொடுப்பது காயத்துக்கே. அனுமதிப்பத்திரத்தைப் பார்த்துவிட்டு அன்று. மரம் யாருடையது என்பதை வேறு இடத்தில் விசாரிக்கட்டும். கட்டிலில் கிடக்கும்போது உண்மையைச் சொல்லுங்கள்.

இரண்டாவது கேடு உரிமைக்கு. கட்டில் சீட்டில் "சைக்கிளால் விழுந்தவர்" என்று எழுதப்பட்டுவிட்டால், பின்னர் எந்த நீதிமன்றத்திலும் எந்த ஆணையாளர் முன்னும் அது தொழிற்காயம் ஆகாது. கொந்தராத்துக்காரர் ஆயிரம் ரூபாவுக்கு வாங்கியது அந்த ஒரு வரியைத்தான். அவருக்கு அது நல்ல வியாபாரம்.

இந்நாட்டில் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் என்று ஒன்று உண்டு. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் அது. வெள்ளைக்காரர் காலத்தில் வந்தது. பலமுறை திருத்தப்பட்டு இன்றும் நடைமுறையில் உள்ளது. வேலையின் காரணமாக, வேலை நேரத்தில் ஏற்பட்ட விபத்தில் ஒருவன் அங்கம் இழந்தால் அல்லது இறந்தால், வேலை கொடுத்தவர் நட்டஈடு கொடுக்க வேண்டும். எழுத்தில் ஒப்பந்தம் இல்லை என்பதனால் மட்டும் உரிமை அற்றுப்போவதில்லை. வாய்ப்பேச்சாக அமர்த்தினாலும் அமர்த்தியதே. தனது தொழிலுக்குரிய வேலையை இடையில் ஒரு கொந்தராத்துக்காரரிடம் ஒப்படைத்த முதலாளியும், சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு, அந்தக் கொந்தராத்துக்காரரின் ஆட்களுக்குப் பொறுப்பாளி ஆகின்றார். ஆகவே மரக்காலைக்காரர் "எனக்கு அவரைத் தெரியாது, மரத்தை மட்டும்தான் தெரியும்" என்று கையை விரித்துவிட்டால் கதை முடிந்தது என்று நினைக்க வேண்டாம்.

ஆனால் ஒரு வேறுபாட்டை விளங்கிக்கொள்ள வேண்டும். மர வியாபாரிக்காக மரம் தறிப்பது அவரது தொழிலுக்கான வேலை. பக்கத்து வீட்டு ஆசிரியர் தமது கூரைக்கு மேல் சாய்ந்த தென்னையைத் தறித்துத் தரும்படி கேட்டால், அது அவருடைய தொழிலும் அன்று, வியாபாரமும் அன்று. இந்தச் சட்டம் அங்கே கை கொடுக்காது. எமது ஆட்களுள் பலர் செய்வது இந்த இரண்டாவது வகை வேலை. அதற்கு வழி வேறு. அதைப் பின்னர் சொல்கிறேன். முதலாவது வகையாயின் தொழிற் திணைக்களத்தின் அலுவலகத்துக்குப் போய் விசாரியுங்கள். நட்டஈட்டுக் கோரிக்கைக்குக் காலக்கெடு உண்டு. காயம் ஆறட்டும், காலபோகம் முடியட்டும் என்று ஆறப்போட வேண்டாம்.

இதற்கு வேண்டிய சாட்சி ஒரு பாடசாலைக் கொப்பி. எந்தத் திகதி, யாருக்காக, எந்தக் காணியில், யார் யார் சேர்ந்து போனோம், எவ்வளவு காசு கைக்கு வந்தது. இதை மனைவியோ பிள்ளையோ ஒவ்வொரு இரவும் எழுதி வைக்கலாம். காயப்பட்டால் வைத்தியசாலை தரும் நோய் விபரச் சீட்டையும், கிளினிக் கொப்பியையும், எக்ஸ்றேப் படத்தையும் அந்தக் கொப்பியோடு வைத்திருங்கள். இடம்பெயர்ந்த மக்களுக்குக் காகிதத்தின் பெறுமதியை நான் சொல்லத் தேவையில்லை. காணி உறுதியை நெஞ்சோடு கட்டிக்கொண்டு ஆறு முறை ஓடியவர்கள் நீங்கள்.

திருச்சபையின் ஏட்டில் சட்டம் பேசுகிறானே என்று சிலர் நினைக்கலாம். வேதாகமமே இதைப் பேசுகின்றது. உபாகமம் 19ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். ஒருவன் தன் அயலவனோடு மரம் வெட்டக் காட்டுக்குப் போகிறான். கோடாலியை ஓங்கும்போது இரும்பு காம்பைவிட்டுக் கழன்று அயலவன் மேல் பட்டு அவன் இறக்கிறான். அடைக்கலப் பட்டணம் எதற்கு என்று விளக்கும்போது மோசேயின் சட்டம் எடுத்துக்கொண்ட உதாரணம் இது. அக்காலத்திலும் இது அடிக்கடி நடந்ததொன்றாகவே இருந்திருக்க வேண்டும். யாத்திராகமம் 21ஆம் அதிகாரம் வேறொன்றைச் சொல்கின்றது. சண்டையில் ஒருவனை அடித்துக் கிடையில் போட்டவன், அவன் வேலை செய்யாதிருந்த நாட்களுக்கு ஈடு கொடுக்கவும், அவனை முற்றாகக் குணப்படுத்தவும் கடமைப்பட்டவன் என்கின்றது. இழந்த நாளும் வைத்தியச் செலவும் என்ற இரண்டையும் அன்றே பிரித்துச் சொல்லிவிட்டார்கள். அடித்தவனுக்கே இந்தக் கடமையென்றால், தன் இலாபத்துக்காக அனுப்பியவருக்கு எவ்வளவு! பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பரும் 1981இல் மனித உழைப்பைப் பற்றி எழுதிய சுற்றுமடலில், வேலை விபத்துக்குரிய வைத்தியம் தொழிலாளிக்கு எளிதாகவும் மலிவாகவும், இயலுமானால் இலவசமாகவும் கிடைக்க வேண்டும் என்று வற்புறுத்தினார்.

இந்த இடத்தில் எமது சபைகளும் தம்மைப் பார்த்துக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. ஆலயத்துக்கு வாங்கு செய்கிறோம், முன்பள்ளிக்குக் கூரை போடுகிறோம், வீடமைப்புக்கு மரம் வாங்குகிறோம். மூன்று விலைமனு கேட்கிறோம். மிகக் குறைந்த விலையை எடுக்கிறோம். அந்த விலை ஏன் குறைந்தது என்று எந்தக் குழுவிலாவது எவராவது கேட்டதுண்டா? தறிப்பவர்களுக்குச் சப்பாத்து உண்டா, தொப்பி உண்டா, காயப்பட்டால் யார் பார்ப்பது என்ற மூன்று கேள்விகளையும் விலைமனுப் படிவத்தில் சேர்ப்பதற்குப் பணம் செலவாகாது. இதைச் செய்யாமல் தொழிலாளர் ஞாயிறு கொண்டாடுவதில் எனக்கு அவ்வளவு விருப்பம் இல்லை.

காட்டிலிருந்து கட்டில் வரை

வெட்டுக்காயத்துக்குக் கோப்பித்தூள், சீனி, புகையிலைத்தூள், மண்ணெண்ணெய், சிலந்திவலை என்று வைத்துக் கட்டும் வழக்கம் இன்னும் போகவில்லை. இவற்றுள் எதுவும் வேண்டாம். சுத்தமான துணியை மடித்துக் காயத்தின் மேல் வைத்து, கையால் அழுத்திப் பிடியுங்கள். பத்து நிமிடத்துக்குக் குறையாமல் பிடியுங்கள். நின்றுவிட்டதா என்று இடையிடையே திறந்து பார்க்க வேண்டாம். துணி நனைந்தால் அதை எடுக்காமல் அதன் மேல் இன்னொன்றை வைத்து அழுத்துங்கள். காலை உயர்த்தி வையுங்கள். சறத்தைக் கிழித்தாவது துணி எடுக்கலாம், ஆனால் வீட்டிலிருந்து புறப்படும்போதே தோய்த்துக் காயவைத்த இரண்டு துணியை ஒரு பொலித்தீன் பையில் கட்டிச் சோற்றுப் பார்சலோடு கொண்டு போவது மேல்.

விரல் துண்டாகிப் போனால் அதை எறிய வேண்டாம், ஐஸில் நேரே போடவும் வேண்டாம். சற்று ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, ஓட்டையில்லாத பையில் இட்டு இறுகக் கட்டி, அந்தப் பையை ஐஸின் மேல் வைத்துக் கொண்டு போங்கள். அதைப் பொருத்த முடியுமா என்று சத்திரசிகிச்சை வைத்தியர் முடிவு செய்வார். கொண்டு போகாவிட்டால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

மரத்திலிருந்து விழுந்தவனை, அல்லது முதுகில் மரம் விழுந்தவனை, இரண்டு பேர் கையையும் காலையும் பிடித்துத் தூக்குவதுதான் நாம் செய்யும் மிகப் பெரிய கொடுமை. முள்ளந்தண்டு நொறுங்கியிருந்தால், அரைகுறையாய் இருந்த நரம்பு அந்தத் தூக்கிலேயே அறுந்து போகும். பலகை வேண்டும். கதவு, ஏணி, உழவு இயந்திரப் பெட்டியின் பின்பலகை எதுவானாலும் நல்லது. தலையும் கழுத்தும் முதுகும் ஒரே நேர்கோட்டில் இருக்க, நாலைந்து பேர் சேர்ந்து ஒரே நேரத்தில் நகர்த்துங்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் இலவச அம்புலன்ஸ் சேவை 2018 யூலையில் வடக்குக்கு வந்தது. (எம்மிற் பலருக்கு அந்த இலக்கம் வேறொன்றையும் நினைவூட்டும். ஆயினும் மறக்காமல் இருக்க வசதி.) அம்புலன்ஸ் காட்டுக்குள் வராது. பிரதான வீதியில் எந்தச் சந்திக்கு ஆளைக் கொண்டு வருவது என்பதை வேலை தொடங்குமுன் பேசி வைத்துக்கொள்ளுங்கள். தனியே மட்டும் போக வேண்டாம்.

காயம் சிறிதென்றாலும் ஏற்பூசி போட வேண்டும். ஏற்புவலிக் கிருமி மண்ணிலும் சாணியிலும் இருப்பது. ஆழமான காயமே அதற்கு வீடு. முறிவு நெரிவு பரியாரியாரிடம் போவதை நான் பழிக்க மாட்டேன். எண்ணெய்க்கட்டில் சுகப்பட்டவர்களை எமது ஊரில் எல்லோரும் அறிவோம். ஆனால் தோல் கிழிந்து எலும்பு வெளியே தெரியும் முறிவுக்குப் பத்துப் போடுவது, காலைக் கழற்றுவதற்கு நாள் குறிப்பது போன்றது. விரல் நுனி நீலித்து, உணர்ச்சி மரத்து, கட்டுக்குள் வலி ஏறிக்கொண்டே போனால் நடுச்சாமமானாலும் கட்டைத் தளர்த்தி வைத்தியசாலைக்கு ஓடுங்கள். பாம்புக் கடிக்கும் அதே ஓட்டம்தான். விறகு அடுக்கின் கீழே சுருட்டையும் புடையனும் கிடக்கும். கயிற்றால் இறுக்கிக் கட்டுவதும் கீறுவதும் உதவாது.

தையல் பிரித்த பிறகு

வைத்தியசாலையின் வேலை தையல் பிரித்ததோடு முடிகின்றது என்று எண்ணுகிறோம். குடும்பத்தின் வேலை அங்கேதான் தொடங்குகின்றது. மணிக்கட்டில் வெட்டுப்பட்டவனுக்குத் தோல் பொருந்திவிடும். உள்ளே அறுந்த நாண் பொருந்தாவிட்டால் விரல் மடங்காது. பொருத்தினாலும் இயன்மருத்துவப் பகுதிக்குப் பல வாரம் போய்ப் பயிற்சி செய்யாவிட்டால் அப்படியே விறைத்துப் போகும். இரண்டு முறை போவார், மூன்றாம் முறை பஸ் காசு இருக்காது, நாலாம் முறை "இனி என்ன, சுகம்தானே" என்பார். ஆறு மாதத்தின் பின் மண்வெட்டி பிடிக்க முடியாதபோது தான் நட்டம் தெரியும். அப்போது நேரம் கடந்துவிடும்.

இயந்திர வாள் பிடிப்பவர்களுக்கு வெட்டே விழாமல் வரும் நோயும் உண்டு. ஆண்டுக்கணக்கில் அதிர்வைத் தாங்கிய கைகளில் இரத்தக் குழாய்களும் நரம்புகளும் பழுதடைந்து, விரல்கள் மரத்து விறைக்கின்றன. குளிர்ந்த நேரத்தில் வெளிறிப் போகின்றன. சட்டைப் பொத்தான் போட முடியாத நிலை வரும். காதும் மெல்ல மெல்ல அடைபடும். பிள்ளைகள் "அப்பா கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்கிறார் இல்லை" என்று குறை சொல்வார்கள்.

முதுகுவலிக்கும் மூட்டுவலிக்கும் கடையில் வாங்கும் குளிசை பற்றியும் சொல்ல வேண்டும். வெறும் பரசிற்றமோலை அளவோடு எடுப்பது வேறு. டைக்ளோபெனக் போன்ற வலிநிவாரணிகளை நாள்தோறும் வெறுவயிற்றில் விழுங்குவது வேறு. அவை இரைப்பையைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். வவுனியாப் பக்கத்தில் விவசாயிகளிடையே சிறுநீரக நோய் கண்டிருக்கும் நிலையில் இது விளையாட்டல்ல. கசிப்பைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. அதை எழுதினால் வாசிப்பதை நிறுத்திவிடுவீர்கள். உங்கள் மனைவிமாருக்கோ நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கால் இழந்தவர்களுக்கு ஒரு சொல். ஜெய்ப்பூர் செயற்கைக் கால் 1968 அளவில் இந்தியாவின் ஜெய்ப்பூரில் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் டொக்டர் பி. கே. சேத்தியும் சேர்ந்து உருவாக்கியது. சப்பாத்து இல்லாமல் நடக்கலாம், குந்தி இருக்கலாம், சேற்று வயலில் இறங்கலாம். கமக்காரனை மனத்தில் வைத்துச் செய்தது போலவே இருக்கின்றது. யாழ்ப்பாணத்தில் 1987 தொடக்கம் அதைச் செய்து கொடுக்கும் நிலையம் உண்டு. போரில் கால் இழந்தவர்களுக்கு மட்டுமே அது என்று மரம் விழுந்து கால் இழந்த சிலர் எண்ணிக்கொண்டு ஊன்றுகோலோடு காலம் கழிக்கின்றனர். அப்படியல்ல; போய்க் கேளுங்கள். கால் ஒருமுறை பொருத்திவிட்டால் முடிந்தது என்றும் இல்லை. தேயும், உடம்பு மெலியும்போது தொளதொளக்கும், திருத்த வேண்டும்.

இனி முன்னர் சொல்லாமல் விட்டதற்கு வருகிறேன். சட்டம் கை கொடுக்காதவனுக்கு என்ன வழி? தன் வளவில் கொத்தியபோது பட்டவன், அயலவனுக்குத் தென்னை தறித்தபோது விழுந்தவன், அனுமதியில்லாத மரத்தடியில் நசிபட்டவன் ஆகியோரின் பிள்ளைகளும் மூன்று வேளை சாப்பிட வேண்டும்.

எமது ஊர்களில் மரண உதவிச் சங்கம் இல்லாத குறிச்சி அரிது. முகாமில் இருந்த காலத்திலும் அதை நடத்தினோம். பந்தலும் கதிரையும் பெட்டிச் செலவும் அன்றைக்கே வந்து சேரும். ஒருவன் செத்தால் ஊர் கூடி நிற்கின்றது. அவன் சாகாமல் எட்டு மாதம் கட்டிலில் கிடந்தால், முதல் கிழமை ஹோர்லிக்ஸ் போத்தலோடு வருகிறோம், பிறகு வருவதில்லை. நாலாம் மாதம் தாலிக்கொடி அடைவுக்குப் போகின்றது. ஆறாம் மாதம் மூத்த பெடியன் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அதே கோடாலியைத் தூக்குகின்றான். பதினைந்து வயதில், பழக்க ஆளில்லாமல்.

மரண உதவிச் சங்கத்தின் பக்கத்திலேயே ஒரு காய உதவிக் கணக்கைத் திறக்கலாம் என்பது எனது கருத்து. புதுச் சங்கம் வேண்டாம்; தலைவர், செயலாளர் தெரிவிலேயே எமது ஆட்கள் பிரிந்துவிடுவார்கள். இருக்கும் சங்கத்தில் ஒரு தனிக் கொப்பி போதும். அறுபது குடும்பம் மாதம் நூறு ரூபா போட்டால் மாதத்துக்கு 6,000, ஆண்டுக்கு 72,000 ரூபா. இதில் நட்டஈடு கொடுக்க முடியாது. அது நோக்கமும் அன்று. கிளினிக்குக்குப் போகும் பஸ் காசு, பராமரிக்க நிற்பவரின் சாப்பாடு, பிள்ளைகளின் கொப்பி, மூன்று மாதத்துக்கு அரிசி என்ற அளவில் கொடுத்தால் தாலிக்கொடியும் தப்பும், பெடியனும் பள்ளிக்கூடத்தில் இருப்பான். தோட்டக் கிணற்றில் விழுந்தவனுக்கும், உழவு இயந்திரத்தில் சிக்கியவனுக்கும், பனையால் விழுந்த சீவல் தொழிலாளிக்கும் இதே கணக்கிலிருந்து கொடுக்கலாம்.

சாதி, சமயம் பாராமல் கொடுக்க வேண்டும் என்பதை விதியாகவே எழுதி வையுங்கள், எழுதாவிட்டால் பார்ப்பார்கள். யாருக்காக வேலை செய்யப் போனான் என்ற கேள்வியும் படிவத்தில் இருக்கட்டும். அந்த முதலாளியிடம் சங்கமாகப் போய்க் கேட்பதற்கு அது உதவும். தனியே ஊன்றுகோலோடு வாசலில் நிற்பவனுக்கு நாளைக்கு வா என்று சொல்பவர், பன்னிரண்டு பேர் வந்து நின்றால் கதிரை எடுத்துப் போடுவார். கொப்பியை யார் எழுதுவது என்று கேட்டால், பெண்களிடம் கொடுங்கள் என்பேன். சீட்டுக் கணக்கை ஒரு சதம் பிசகாமல் எழுதுபவர்கள் அவர்கள். காயப்பட்டவனின் வீட்டில் அடுப்பு எரிகிறதா என்பதும் முதலில் அவர்களுக்கே தெரியவரும்.